வன்னியில் விடிய விடியக் கூத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலபோக வெள்ளாண்மை வெட்டி முடிந்து, கோயில்களில் பொங்கலும் மடையும் தொடங்கினால் வன்னியில் கூத்துக் காலம். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள், கொழும்பில் வளர்ந்த பிள்ளைகள், இங்கேயே பிறந்தும் ஒரு கூத்தைக்கூட முழுதாக இருந்து பார்க்காதவர்கள் என்று எல்லோரும் போன் எடுத்துக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் தருகிறேன். வன்னி என்று இங்கே சொல்வது முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, அத்தோடு மன்னாரின் பெருநிலப்பரப்பு.

ரிக்கற் எடுக்க வேண்டுமா?

இல்லை. கோயில் வீதியிலும் பாடசாலை மைதானத்திலும் வாசிகசாலை வளவிலும் நடக்கிற கூத்துக்கு வாசலே கிடையாது. யாரும் வரலாம், எந்தப் பக்கத்தாலும் வரலாம்.

ஆனால் இலவசம் என்பது பார்க்க வருகிறவருக்கு மட்டும்தான். மேடை, பந்தல், லைற், சவுண்ட், ஜெனரேற்றர், உடுப்பு வாடகை, ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், நடுச்சாமத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி என்று செலவு நீளும். அதை நேர்த்தி வைத்த குடும்பமோ திருவிழா உபயகாரரோ ஊர்ச் சங்கமோ பொறுத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் அனுப்புகிற காசும் சேரும். ஆடுகிறவர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் அல்ல. பகலில் வயலுக்கும் கடலுக்கும் மேசன் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டு, இரவில் மாதக்கணக்காகப் பழகி வருகிறவர்கள். அதனால், வந்து பார்த்துவிட்டு “ஓசிக் கூத்து, இவ்வளவுதான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

எப்போது நடக்கும்? எப்படி அறிந்துகொள்வது?

மாசி, பங்குனியில் தொடங்கி ஆவணி வரை எதிர்பார்க்கலாம். வைகாசியும் ஆனியும் உச்சம். ஐப்பசியிலிருந்து மாரி மழை, அதோடு விதைப்பு. அந்த நேரத்தில் திறந்த வெளியில் கூத்து வைக்க யாரும் துணிய மாட்டார்கள். மாரியம்மன், கண்ணகி அம்மன் கோயில்களில் பொங்கலோடும் திருவிழாவோடும் சேர்த்து வைப்பதுதான் வழமை. சில ஊர்களில் சன சமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு வைப்பார்கள்.

முன்கூட்டியே ஒரு அட்டவணை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு முன் சந்திக் கடையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், இரண்டு நாளைக்கு முன் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஊர்ப் பெயரில் இருக்கிற பேஸ்புக் பக்கங்களில் நோட்டீஸின் படம் வரும். எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, அந்த ஊரில் உள்ள சொந்தக்காரர் யாரையாவது கேட்பது. வன்னியில் சொந்தக்காரர் இல்லாத தமிழர் குறைவு.

நோட்டீஸில் இரவு 9 மணி என்று போட்டிருக்கிறதே, சரியாகத் தொடங்குமா?

தொடங்காது. பூசை முடிய வேண்டும், சாப்பாடு முடிய வேண்டும், பேச்சாளர்கள் பேசி முடிக்க வேண்டும். பத்தரை, பதினொன்று ஆகும். ஆனாலும் ஒன்பதுக்கே போய்விடுங்கள், இடம் பிடிக்க வேண்டுமே.

காத்தவராயன் கதை தெரியாது. வந்தால் விளங்குமா?

விளங்கும். வன்னியில் நீங்கள் பார்க்கப் போவது அநேகமாகக் காத்தவராயன் கூத்தாகத்தான் இருக்கும் என்பதால், கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காத்தவராயன் மாரியம்மனின் பிள்ளை. உயர்குடியில் வளர்ந்த ஆரியமாலாவை மணக்க ஆசைப்படுகிறான். தாய் வேண்டாம் என்கிறாள். அவன் கேட்கவில்லை. தாய் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை போடுகிறாள், அவன் ஒவ்வொன்றையும் தாண்டுகிறான், வேடம் மாறுகிறான், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்கிறான், கடைசியில் கழுமரம் ஏறுகிறான். மகன் கழுவில் நின்று பாடுவதைக் கேட்டுத் தாய் இரங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

இரவு முழுவதையும் தூக்கி நிறுத்துவது தாயும் மகனும் பாட்டில் போடும் சண்டைதான். அவள் ஒரு அடி, இவன் ஒரு அடி. அவள் கெஞ்சுவாள், மிரட்டுவாள், பெற்று வளர்த்த பாட்டைச் சொல்லி அழுவாள். இவன் மரியாதை குறையாமல் “ஓம் அம்மா” என்பான், ஆனால் எடுத்த காலைப் பின்வைக்க மாட்டான். கேட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். சாதி பார்த்துக் கலியாணம் தடைப்பட்ட கதை எந்த ஊரில்தான் இல்லை? அதனால்தான் இந்தக் கூத்து இன்னும் அலுக்கவில்லை என்பது என் எண்ணம்.

பாட்டின் மெட்டு பெரும்பாலும் சிந்து. இரண்டு மூன்று மெட்டுகளே திரும்பத் திரும்ப வரும். முதல் அரை மணி நேரம் உங்களுக்கு அது ஒரே மாதிரித் தோன்றலாம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு காது பழகி, மெட்டை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடிக்கத் தொடங்கும். அதுவரை பொறுத்திருங்கள். உடுக்கு, ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோல்கி, தாளம் ஆகியவைதான் வாத்தியங்கள். பாடுகிறவர் விட்ட இடத்தைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவார்கள். சொல் ஒருமுறை தவறிப்போனாலும் மறுமுறை அவர்கள் வாயால் வந்து சேர்ந்துவிடும்.

ஒரே காத்தானை ஏன் மூன்று நாலு பேர் ஆடுகிறார்கள்? குழப்பமாக இருக்கிறதே.

இது புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது. இரவு முழுக்க ஒரே தொண்டை தாங்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஊரில் காத்தானாக ஆட ஆசைப்படாத இளந்தாரி கிடையாது. அதனால் கதையைத் துண்டு பிரித்து, பாலகாத்தான் சின்னப் பெடியன் ஒருவனுக்கு, ஆதிக்காத்தான் இன்னொருவருக்கு, பின்காத்தான் வேறொருவருக்கு என்று கொடுத்துவிடுவார்கள். கழுமரம் ஏறுகிறவர் பெரும்பாலும் குழுவில் குரல் வலுத்தவராக இருப்பார்.

ஆள் மாறுவதை ஒளித்து மறைத்துச் செய்ய மாட்டார்கள். ஒரு காத்தான் பாடிக்கொண்டே உள்ளே போவார், அடுத்த காத்தான் அதே பாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். முந்தின ஆளைவிட இந்த ஆள் நல்லாகப் பாடுகிறாரா என்று சனம் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடும். பாலகாத்தானாக ஆடுகிற பெடியன் வரும்போது அவனுடைய தாய் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பாருங்கள். மேடையைப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுடைய உதட்டோடு அவளுடைய உதடும் அசையும். வீட்டில் கூத்துப் பாட்டுகள் எழுதிய ஏட்டுக் கொப்பியை வைத்துப் பாடமாக்கிக் கொடுத்தது அவள்தானே.

கழுமரம் எத்தனை மணிக்கு?

விடியப்புறம். நாலு, நாலரை, சில இடங்களில் கிழக்கு வெளுத்த பிறகுகூட. நடுச்சாமத்தோடு எழும்பிப் போகிறவர்கள் இந்தக் கூத்தைப் பார்த்ததாகக் கணக்கில்லை. கழுமரம் மேடையில் நடப்பதும் இல்லை. அநேகமாக நிலத்தில் தனியாக நாட்டியிருப்பார்கள். அதற்குப் பூசை நடக்கும். காத்தான் ஒவ்வொரு படியாக ஏறி ஏறிப் பாடுவார். கூட்டம் எழுந்து அந்தப் பக்கம் நகரும். நேர்த்தி வைத்தவர்கள் கற்பூரம் கொளுத்துவார்கள், சிலர் உரு வந்து ஆடுவார்கள். அந்த நேரத்தில் அது நாடகமா வழிபாடா என்று பிரித்துப் பார்க்க முடியாது, யாரும் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. நீங்கள் சாமி கும்பிடாதவராக இருந்தால் ஒதுங்கி நின்று பார்க்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டால் போதும்.

கோவலன் கூத்து எங்கே பார்க்கலாம்?

முல்லைத்தீவுப் பக்கம், அதிலும் முள்ளியவளையைச் சுற்றித்தான். முல்லைமோடி என்று தனியாகப் பெயர் சொல்கிற ஆட்டமும் பாட்டும் அந்தப் பகுதிக்குரியவை. காரணம் பக்கத்தில் இருக்கிறது: நந்திக்கடல் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில்.

மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் ஈழத்துக்கு வந்து, ஊர் ஊராகத் தங்கிக் கடைசியில் இங்கே அமர்ந்தாள் என்பது ஐதீகம். நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்தாளாம். தலையில் பேன் பார்க்கச் சொன்னாளாம். மயிரை விலக்கிப் பார்த்த பெடியளுக்குத் தலை முழுக்கக் கண்ணாகத் தெரிந்ததாம். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை ஊற்றி எரிக்கச் சொன்னாளாம். அதனால்தான் இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். பிறகு அது வற்றாப்பளைக்குப் போகிறது. பொங்கல் ஒரு திங்கட்கிழமை. அன்று யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வரும்.

கோவலன் கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூடத்தில் படித்த சிலப்பதிகாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனால் “இப்படி இல்லையே” என்று தடுமாறுவீர்கள். ஈழத்தில் வழங்குவது கண்ணகி வழக்குரை என்ற காவியம் வழியாக வந்த கதை. அதில் கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள், பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள், சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கடலில் போய்ச் சண்டை பிடிக்கிறான். இளங்கோவடிகளிடம் இவை இல்லை. எது சரி என்று பக்கத்தில் இருக்கிற ஆச்சியிடம் வாதம் செய்யாதீர்கள், வெல்ல மாட்டீர்கள்.

அரிச்சந்திரன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் கூத்துத்தானா?

அவை இசைநாடகம். பழைய ஆட்கள் டிறாமா என்பார்கள். தமிழ்நாட்டு நாடகக் கொம்பனிகள் கப்பலேறி வந்து ஆடிக் காட்டியதைப் பார்த்து இங்கே வேர் பிடித்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள்தான் அதற்கு அடிப்படை. ஆட்டம் கிடையாது. நின்று பாடுவார்கள், ராகம் சுத்தமாக இருக்கும், ஆர்மோனியம்தான் ராசா. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியதைக் கேட்டவர்கள் வன்னியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேறு யார் பாடினாலும் அவரோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது அவர்களுடைய பழக்கம். பாடுகிறவர் பாவம்.

மன்னார்ப் பக்கத்துக் கூத்து வேறா?

வேறு. மன்னாரில் கத்தோலிக்க ஊர்களின் மரபு பலமானது. புனிதர்களின் கதைகளையும் பிற தேசத்து ராசாக்களின் கதைகளையும் ஆடுவார்கள். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு பாணி உண்டு, வாசாப்பு என்று ஒரு வகையும் உண்டு. கோயில் பெருநாளை ஒட்டி நடக்கும். உடுப்பு மினுமினுக்கும், முடி உயரமாக இருக்கும். தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டிய விஷயம், இங்கே இதோடு விடுகிறேன்.

லண்டனில் பூங்காவில் இலவச ஒப்பேரா பார்த்தோம். இதுவும் அதுபோலத்தானா?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கதையைப் பாட்டால் சொல்கிறார்கள், இரண்டிலும் சனம் புல்லில் விரித்துக்கொண்டு இருக்கிறது, இரண்டிலும் சாப்பாட்டுக் கூடை வருகிறது.

ஒப்பேரா 1600ஐ ஒட்டி இத்தாலியில் பிரபுக்களின் மாளிகைகளில் பிறந்தது. பிறகுதான் காசு வாங்கும் அரங்குகளுக்கு வந்தது, பூங்காவுக்கு வந்தது அண்மையில்தான். நியூயோர்க்கில் மெற்றோபொலிற்றன் ஒப்பேரா 1967இல் நகரப் பூங்காக்களில் இலவசமாகப் பாடத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோ ஒப்பேரா 1971 முதல் கோல்டன் கேற் பூங்காவில் பாடுகிறது. 1991 ஜூலை 30ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் இத்தாலிய ஒப்பேராப் பாடகர் பவரொட்டி இலவசமாகப் பாடியபோது ஒரே மழை. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று குடைகளை மடக்கிவிட்டு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் நனைந்துகொண்டு கேட்டது, இளவரசி டயானா உட்பட. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து வெள்ளைக்காரருக்கும் கூத்துப் பைத்தியம் உண்டு என்று நான் நம்புகிறேன்.

பூங்காவில் நடப்பது பெரும்பாலும் கச்சேரிதான். பல ஒப்பேராக்களிலிருந்து பெயர் பெற்ற பாட்டுகளை எடுத்து, வேடம் போடாமல், நல்ல உடுப்பில் நின்று பாடிவிட்டுப் போவார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முழுக் கதையையும் வேடத்தோடு பார்க்க வேண்டுமென்றால் ரிக்கற் எடுத்து உள்ளே போக வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். முழுக் கதை, முழு வேடம், முழு இரவு எல்லாம் வெளியில் சும்மா கிடைக்கும். காசு கொடுத்து மண்டபத்தில் பார்க்கப் போனால் சுருக்கிய கூத்துத்தான் கிடைக்கும்.

மைக் விஷயத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒப்பேராப் பாடகர்கள் அரங்குக்குள் மைக் இல்லாமல் வாத்தியக் கூட்டத்துக்கு மேலால் பாடப் பழகியவர்கள், வெளியில் வந்தால்தான் அவர்களுக்கு மைக் தேவை. நம் ஆட்கள் அந்தக் காலத்தில் திறந்த வெளியிலேயே பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் மைக் இல்லாமல் பாடினார்கள். இப்போது மைக் வந்துவிட்டது. நல்லதுதான், கடைசி வரிசைக்கும் கேட்கிறது. ஆனால் நட்டு வைத்த மைக்கைவிட்டு நகர முடியாமல் ஆட்டம் குறைந்துவிட்டது என்று கூத்துப் பழக்கி மேடையேற்றுகிற பழைய அண்ணாவிமார் குறைப்படுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி. கால் ஆடினால் குரல் போகிறது, குரலைப் பிடித்தால் கால் நிற்கிறது. உடுப்பில் குத்துகிற சின்ன மைக் வைத்திருக்கிற குழுக்களில் இந்தத் தொல்லை இல்லை.

எங்கே இருப்பது? என்ன கொண்டுவர வேண்டும்?

பாய் ஒன்று, போர்வை ஒன்று. வைகாசியில் பகல் கொதித்தாலும் விடியப்புறம் வெட்டையில் குளிர் காற்று அடிக்கும். மேடைக்கு நேர் முன்னால் சின்னப் பிள்ளைகள், அதற்குப் பின்னால் பாய் விரித்த பெண்கள், பக்கவாட்டில் ஆண்கள், கடைசியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இளந்தாரிகள். யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு இது. குடும்பமாக வந்தால் எங்கேயும் சேர்ந்து இருக்கலாம். கதிரை போட்டிருந்தால் அது முதியவர்களுக்கும் விருந்தினருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் உங்களையும் கதிரையில் இருத்தப் பார்ப்பார்கள். முடிந்தால் தப்பித்துப் பாய்க்குப் போங்கள், அங்கேதான் பக்கத்தில் இருக்கிறவர் அடுத்து வரப்போவதைச் சொல்லித் தருவார்.

ரோச் லைற் கட்டாயம். வெட்டை வெளியில் பாம்பு பூச்சி இருக்கும். ஒதுங்கப் போகிற இடமும் தூரமாக இருக்கலாம். நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள். பகலில் நாலரை மணி வெயில் தாழ்ந்ததும் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவது கெட்டித்தனம்.

சாப்பாடு?

கச்சான் இல்லாமல் கூத்து இல்லை. மணல் சட்டியில் வறுத்த கச்சானைப் பேப்பர்ச் சுருளில் தருவார்கள். விடியும்போது இருந்த இடத்தைச் சுற்றிக் கோது குவிந்திருக்கும். எழும்பும்போது பையில் அள்ளிப் போட்டுவிடுங்கள், அடுத்த நாள் கூட்டுகிறவர்கள் ஊர்ப் பெண்கள். சுண்டல், வடை, ஐஸ்கிறீம் வான், தும்பு மிட்டாய், பிளேன்ரீ எல்லாம் இருக்கும். கோயில் வீதி என்றால் மச்சம் (மீன், இறைச்சி) கொண்டுவராதீர்கள். குடித்துவிட்டு வருகிறவர்களைத் தொண்டர்கள் வெளியே கூட்டிப் போவார்கள், அவர்கள் செய்வது சரிதான்.

பிள்ளைகள் தூங்கிவிடுவார்களே?

தூங்கட்டும். பெரியவர்களும் தூங்குவார்கள். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் மைதானத்தில் பாதிப்பேர் படுத்திருப்பார்கள், ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். அதற்காகத்தான் அந்த நேரத்தில் பகிடிக்கார ஆட்களை விடுவார்கள். டாப்பர் மாமா போன்ற பாத்திரங்கள் வந்து, ஊரில் கடன் வாங்கிக் கொடுக்காதவர் முதல் விதானையார் வரை எல்லோரையும் பெயர் சொல்லாமல் இழுத்துப் பேசும்போது சிரிப்புச் சத்தத்தில் தூங்கினவர்கள் எழும்பிவிடுவார்கள். இந்தப் பகுதி ஏட்டில் கிடையாது, அன்றன்றைக்குக் கட்டுவது. ஊர்ப் புதினம் தெரியாத ஆளுக்குப் பாதிப் பகிடி விளங்காது. பக்கத்தில் கேளுங்கள்.

கழுமரத்துக்கு மட்டும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பிவிடுங்கள்.

வீடியோ எடுக்கலாமா?

கொஞ்சம் எடுக்கலாம். பிளாஷ் வேண்டாம், எழுந்து நின்று மறைக்க வேண்டாம். கழுமரத்தடியில் உரு ஆடுகிறவர்களை எடுத்துப் போடுவது அசிங்கம், அதைச் செய்யாதீர்கள். முழுவதையும் பேஸ்புக்கில் நேரலையாகப் போடுவதற்கு முன் அண்ணாவியாரை ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் ஓம் என்பார். இடப்பெயர்வுகளில், முக்கியமாக 2008, 2009இல், வீட்டோடு ஏட்டுக் கொப்பியையும் விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் இங்கே உண்டு. ஒருவருடைய ஞாபகத்தையும் இன்னொருவருடைய ஞாபகத்தையும் வைத்துத்தான் பாட்டுகளைத் திரும்ப எழுதினார்கள். அதனால் பதிவு செய்வதை வரவேற்கிறவர்கள்தான் அதிகம். நல்ல பதிவு உங்களிடம் இருந்தால் குழுவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

நடிகர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மாலையோ சால்வையோ போடுவதும் உண்டு. ஆனால் “இன்னார் குடும்பத்தினர் இவ்வளவு ரூபா அன்பளிப்பு” என்று ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் மைக்கில் வாசிக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆரியமாலா அழுதுகொண்டு நிற்கும்போது சுவிஸில் இருக்கிற யாருடையவோ பிறந்தநாள் வாழ்த்து வரும். பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள், பொறுப்பானவரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

எப்படிப் போவது? நடுச்சாமத்தில் திரும்பி வரலாமா?

ஏ9 வீதியில் மாங்குளம் வரை பஸ் தாராளம், யாழ்தேவி ரயிலும் உண்டு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஒரு பாதை, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக இன்னொன்று. வற்றாப்பளைப் பொங்கலுக்கு விசேட பஸ்கள் விடுவார்கள். மற்ற நாட்களில் மாலைக்குப் பிறகு உள்ளூர்களுக்கு பஸ் இருக்காது, வெளிச்சத்தோடு போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

நடுச்சாமத்தில் திரும்புவதை நான் சொல்ல மாட்டேன். காட்டு வீதிகளில் யானை நிற்கும். மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் யானை கறுப்பாகக்கூடத் தெரியாது, வீதி முடிந்துவிட்டது போலத்தான் தெரியும். மாடும் படுத்திருக்கும். விடியும் வரை இருந்து, கழுமரமும் பார்த்து, முதல் பஸ்ஸில் போவதே எல்லா வகையிலும் நல்லது.

பெண்கள் ஆடுகிறார்களா?

முன்பு இல்லை, பெண் பாத்திரங்களையும் ஆண்கள்தான் ஆடினார்கள். இப்போது பாடசாலைக் குழுக்களிலும் சில ஊர்க் குழுக்களிலும் பெண்கள் ஆடுகிறார்கள். கோயில் மேடைகளில் இன்னும் ஆண் மாரியம்மன்தான் அதிகம். ஆறடி ஆள் சேலை உடுத்து வந்தவுடன் சிரிக்கிற பிள்ளை, பத்து நிமிடத்தில் வாயை மூடிவிடும்.

இரண்டு மணி நேரக் கூத்து வைத்தால் என்ன? இந்தக் காலத்தில் யாருக்கு நேரம்?

வைக்கிறார்களே. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்துகளைச் சுருக்கி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், பிறகு இராவணேசன் முதலியவை. அது நடக்காமல் இருந்திருந்தால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளில் பிள்ளைகள் ஆடுவதும் சுருக்கிய கூத்துத்தான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் சுருக்கும்போது முதலில் போவது எது என்று பாருங்கள். திரும்பத் திரும்பப் பாடுகிற இடங்களும் பகிடியும் தாயும் மகனும் இழுத்துப் பறிக்கிற தர்க்கமும் போய், கதை மட்டும் மிஞ்சும். கதையை நாங்கள் பிறந்த நாளிலிருந்தே அறிவோம். அதற்காகவா பாயைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்?

மழை வந்தால்?

கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள், விட்டதும் தொடருவார்கள். கொட்டினால் வேறு நாள். நேர்த்திக் கூத்தைக் கைவிட மாட்டார்கள்.

எனக்கும் ஆட ஆசை. சேர்த்துக்கொள்வார்களா?

அண்ணாவியாரைப் போய்ப் பாருங்கள். வெற்றிலை பாக்கோடு போவது வழக்கம். எடுத்தவுடன் பாத்திரம் கிடைக்காது. முதலில் பழக்கத்துக்கு வந்து இருக்கச் சொல்வார், தாளம் கையில் தருவார், குரலைக் கேட்பார். உடுப்போடு மேடை ஏறும் முன் வெள்ளுடுப்பு என்று ஒரு ஒத்திகை நடக்கும், அன்று யார் எதை ஆடுவது என்பது உறுதியாகிவிடும். மூன்று கிழமை லீவில் வந்து நிற்கிறவருக்குக் காத்தான் வேடம் கிடைக்க வழியில்லை. பிற்பாட்டுக்கு ஆள் எப்போதும் குறைவு, அதற்குக் கேட்டுப் பாருங்கள்.